பதின்மூன்றாவது பெயர்

ஒரு கேள்வி. ‘உன்னால் இனி முடியாது, இடத்தைக் காலி பண்ணு’ என்று ஒரு மனிதனிடம் யார் சொல்ல வேண்டும்?

சர்க்கார் உத்தியோகம் என்றால் பிரச்னையே இல்லை. காலண்டர் சொல்லிவிடும். குறித்த தேதியில் மாலை, சால்வை, கேசரி, காராபூந்தி, குரூப் போட்டோ. மறுநாள் காலை வழக்கம்போல ஆறு மணிக்கு விழித்துக்கொண்டு, எதற்கு விழித்தோம் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தனியார் கம்பெனி என்றால் ஹெச்.ஆர். டிபார்ட்மென்ட் ஒரு அறைக்குக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, சிரித்த முகத்தோடு சொல்வார்கள். பாட்டுக்காரருக்கு சபா கேன்டீன் சொல்லும். அவர் ஆலாபனையை ஆரம்பித்ததும் அங்கே கூட்டம் கூடினால் விஷயம் முடிந்தது.

ஆக, எல்லாத் தொழிலிலும் இந்தக் கசப்பான வேலையைச் செய்ய வெளியே ஒருவர் இருக்கிறார். நாம் அவரைத் திட்டுகிறோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் நமக்குப் பெரிய உபகாரம் செய்கிறார். நம்மை நாமே எடைபோடுகிற வேலையிலிருந்து நம்மைக் காப்பாற்றுகிறார்.

அந்த வெளியாள் இல்லாத ஒரு வேலை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிற்றூர்களில், ரக்பி லீக் என்கிற ஆட்டத்தில், ‘கேப்டன்-கோச்’ என்று ஒரு பதவி. ஒரே ஆள்தான் அணிக்குக் கேப்டன். அவரேதான் கோச். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மைதானத்தில் பையன்களை ஓடவிட்டு ஓடவிட்டு விரட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அதே பையன்களோடு ஜெர்ஸி போட்டுக்கொண்டு இறங்கி அடி வாங்குவார். நடுவில், வழக்கமாக வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும், ஒரு காகிதத்தில் 13 பெயர்களை எழுதுவார். யார் ஆடுகிறார்கள், யார் உட்காருகிறார்கள் என்பதற்கான பட்டியல்.

அந்த 13 பெயர்களில் ஒன்று அவருடைய பெயர். அதை அவரேதான் எழுத வேண்டும். அடிக்க வேண்டும் என்றாலும் அவரேதான் அடிக்க வேண்டும்.

இதுதான் இந்த வார விஷயம். ஆனால் அதற்கு முன்னால் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஆடலாமா என்கிற சண்டையில் பிறந்த ஆட்டம் அது.

ரக்பி என்பது இங்கிலாந்தில் பெரிய வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களில் வளர்ந்த விளையாட்டு. அது வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் பரவியபோது சுரங்கத் தொழிலாளிகளும் மில் தொழிலாளிகளும் ஆட ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் சனிக்கிழமையும் அவர்களுக்கு வேலை நாள். மேட்ச் ஆடப் போனால் அன்றைக்குச் சம்பளம் போச்சு. ‘போன சம்பளத்தை மட்டும் கொடுங்கள், ஒரு நாளைக்கு ஆறு ஷில்லிங்’ என்று வடக்கத்தி கிளப்கள் கேட்டன. லண்டன் கனவான்கள் முகம் சுளித்தார்கள். விளையாட்டு புனிதமானது, அதில் காசு கலக்கக் கூடாது என்றார்கள். வீட்டில் காசு இருக்கிறவர்களுக்குப் புனிதம் சுலபமாக வரும்.

1895-ம் வருஷம் ஆகஸ்ட் 29-ம் தேதி, ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டல் என்ற விடுதியில் வடக்கத்தி கிளப்காரர்கள் கூடி, ‘போங்கடா நீங்களும் உங்கள் ரக்பியும்’ என்று பிரிந்துவிட்டார்கள். அப்படிப் பிரிந்ததுதான் பிற்பாடு ரக்பி லீக் ஆனது. பழையது ரக்பி யூனியன். யூனியனில் 15 பேர். லீக்கில் 13 பேர். லீக் பக்கம் போய் ஆடியவனுக்கு யூனியனில் ஆயுள் தடை. 1995 ஆகஸ்டில் யூனியனும் காசு கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. புனிதம் கரைய நூறு வருஷம் ஆகியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். 1907-ல் அலெக்ஸ் பர்டன் என்ற வீரருக்கு ஆட்டத்தில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் ஆனது. யூனியன் சங்கம் நஷ்டஈடு எதுவும் தரவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து, 1908-ல் சிட்னியில் லீக் போட்டிகள் ஆரம்பமாகிவிட்டன. அங்கிருந்து ரயில் பாதை வழியே உள்நாட்டு ஊர்களுக்குப் போயிற்று. கோதுமை வயலும் ஆட்டுப் பண்ணையும் உள்ள ஊர்கள். பெரிய கடைவீதி ஒன்று, அதில் நாலு மதுக்கடை, ஒரு வங்கி, ஒரு தபாலாபீஸ், கோடியில் ஒரு மைதானம். அந்த மைதானத்தில்தான் ஊரின் மானம் இருந்தது.

மானம் என்று சும்மா சொல்லவில்லை. டூமட் என்ற ஊரில் ஹோட்டல் வைத்திருந்த டெட் மேஹர் என்பவர் ஒரு கோப்பையைக் கொடுத்தார். மேஹர் கோப்பை. 1920-லிருந்து 1971 வரை டூமட், கண்டகாய், கூட்டமண்ட்ரா, யங், டெமோரா என்று சுற்றுவட்டார ஊர்கள் அதற்காக அடித்துக்கொண்டன. வைத்திருக்கிற ஊருக்கு மற்ற ஊர் சவால் விட வேண்டும். ஜெயித்தால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். மேட்ச் நாளில் கடையடைப்பு. ‘பழைய தகரக் குவளை’ என்று செல்லமாகக் கேலி பேசிய அந்தச் சாமானுக்காக ஊர்க்காரர்கள் பணம் சேர்த்து வெளியூர் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கினார்கள்.

அப்படி வாங்கும்போது ஓர் அணியையே வாங்க வசதி போதாது. ஓர் ஆளைத்தான் வாங்க முடியும். அந்த ஒரே ஆள் ஆடவும் வேண்டும், மற்ற பன்னிரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். ஒரு சம்பளத்தில் இரண்டு வேலை. இப்படிப் பிறந்ததுதான் கேப்டன்-கோச் பதவி. சிக்கனத்தில் பிறந்த பதவி என்றாலும் அதற்குள் ஒரு பெரிய தர்மசங்கடம் உட்கார்ந்திருக்கிறது என்று அவர்கள் கணக்குப் போட்டபோது தெரிந்திருக்காது.

யார் அப்படி வருவார்கள்? சிட்னியில் உச்சத்தில் இருப்பவன் வர மாட்டான். இறங்குமுகத்தில் இருப்பவன் வருவான். முப்பது வயதை நெருங்கியவன், முழங்காலில் இரண்டு தடவை கத்தி வைத்தவன். ஆனால் பெயர் இருக்கிறவன். ஊர்க்காரர்கள் பத்திரிகையில் படம் பார்த்த ஆள். அவனுக்குச் சம்பளம், வீடு, கூடவே ஒரு வேலை. வண்டி விற்கிற கடையிலோ, கவுன்சிலிலோ, மதுக்கடையிலோ. அவன் வந்து இறங்குகிற அன்று வரவேற்பு பிரமாதமாக இருக்கும்.

இங்கே முதல் சந்தேகம் வரும். இது ஒரு மாதிரி ஏமாற்று இல்லையா? பழைய பெயரைப் புதிய ஊரில் விற்பது? நம்மிடையேயும் இருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு, அதையே மேடை மேடையாக விற்றுக்கொண்டிருப்பவர்கள். பொன்னாடை வாங்கும் உடம்பே தவிர வேலை செய்யும் உடம்பு இல்லை.

ஆனால் கேப்டன்-கோச் விஷயத்தில் அந்த ஏமாற்று மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் நடக்காது. மேடையில் பேசுகிறவனை யாரும் வந்து இடுப்பில் பிடித்துத் தரையில் சாய்ப்பதில்லை. ரக்பி லீக்கில் சாய்ப்பார்கள். பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனைப் பிடித்து மண்ணில் போடுவதுதான் ஆட்டம். நம்முடைய கபடி தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். எதிரணியில் இருக்கிற இருபது வயது பண்ணைக்காரப் பையனுக்கு, பத்திரிகையில் படம் வந்த ஆளைச் சாய்ப்பதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு கிடையாது. அவன் பாரில் பத்து வருஷம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பான். ஆகவே பெரிய பெயரோடு வந்தவனுக்கு மற்றவர்களைவிட அடி கூட விழும். ‘ஓடு, பிடி, எழுந்திரு’ என்று அவன் பயிற்சியில் சொன்னது அவனுக்கே பொருந்துகிறதா என்று பன்னிரண்டு பேரும் பத்தடி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதனால்தான் எனக்கு இந்தப் பதவிமேல் மரியாதை. கட்டளை போடுகிறவன் கோட்டுக்கு வெளியே நிற்கவில்லை. உங்கள் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். ‘இந்த வாரம் எல்லோரும் ராத்திரி பத்து மணி வரை இருக்க வேண்டும்’ என்று ஒருவர் மெயில் அனுப்புகிறார். அதை அனுப்பியது மாலை ஐந்தே முக்காலுக்கு, கார் நிறுத்துமிடத்திலிருந்து. அவர் சொன்னது நியாயமான வேலையாகவே இருக்கலாம். ஆனாலும் உங்களுக்கு வயிறு எரியும். வேலைக்காக அல்ல, கார் நிறுத்துமிடத்துக்காக.

சரி, ஒரு மனிதரைப் பற்றிப் பேசலாம். ஆர்தர் சம்மன்ஸ்.

1935-ல் சிட்னியில் பிறந்தவர். ஐந்தரை அடிக்குப் பக்கத்தில் உயரம். அந்த ஆட்டத்துக்கு மிகவும் குள்ளம். முதலில் ரக்பி யூனியனில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார். 1960-ல் லீக்குக்கு மாறி சிட்னியின் வெஸ்டர்ன் சபர்ப்ஸ் அணியில் சேர்ந்தார். கனவான்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அது முதல் இறக்கம் என்று சிலர் சொல்லியிருப்பார்கள். லீக்கிலும் ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார், தலைமையும் தாங்கினார்.

அவர் போதாத காலம், அதே சமயத்தில் செயின்ட் ஜார்ஜ் என்று ஓர் அணி இருந்தது. 1956-லிருந்து 1966 வரை தொடர்ந்து 11 வருஷம் சிட்னி சாம்பியன். வேறு யாருக்கும் இடமில்லை. வெஸ்டர்ன் சபர்ப்ஸ் 1961, 62, 63 என்று மூன்று வருஷம் அடுத்தடுத்து அவர்களிடம் இறுதிப் போட்டியில் தோற்றது.

மூன்றாவது தோல்வி ஒரு போட்டோவால் அமரத்துவம் பெற்றது. மழை, சேறு. 8-3 என்று செயின்ட் ஜார்ஜ் ஜெயித்தது. ஆட்டம் முடிந்து, தலை முதல் கால் வரை சேற்றோடு இரண்டு கேப்டன்கள் தோளில் கைபோட்டபடி வருகிறார்கள். ஒருவர் நார்ம் ப்ரோவன், ஆறடி நாலு அங்குலம். இன்னொருவர் சம்மன்ஸ், அவருடைய நெஞ்சு உயரம். ஜான் ஓ’கிரேடி என்ற பத்திரிகை போட்டோகிராபர் க்ளிக் செய்தார். ‘கிளாடியேட்டர்ஸ்’ என்று பெயராகி, 1982-லிருந்து வெற்றிக் கோப்பையே அந்தப் படத்தின் சிலை வடிவமாகிவிட்டது. இன்று அதன் பெயர் ப்ரோவன்-சம்மன்ஸ் கோப்பை.

பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டுப் பெருந்தன்மையின் சின்னம். ஆனால் சம்மன்ஸ் பிற்பாடு பல தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். ப்ரோவன் ஜெர்ஸியை மாற்றிக்கொள்ளலாம் என்றார், நான் மாட்டேன் என்றேன். நடுவர் மீது எங்களுக்குக் கடும் கோபம் என்று. பெருந்தன்மைச் சிலைக்குள்ளே ஒரு மனிதர் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அதனாலேயே அந்தப் படம் கூடுதலாகப் பிடிக்கிறது.

படத்தில் இருக்கிற இரண்டு பேருமே கேப்டன்-கோச் என்பதுதான் நமக்கு முக்கியம். ப்ரோவன் 1962-லிருந்து 65 வரை செயின்ட் ஜார்ஜுக்கு. சம்மன்ஸ் 1963-ல் இங்கிலாந்துக்குப் போன ஆஸ்திரேலிய அணிக்கே கேப்டன்-கோச். ‘இனி முடியாது’ என்பதை யார் சொல்வது என்ற கேள்விக்கு இவர்கள் இரண்டு பேரும் இரண்டு பதில் வைத்திருந்தார்கள்.

ப்ரோவனின் பதில் சுருக்கம். 1965 இறுதிப் போட்டி. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் 78,056 பேர். கூரைமேலெல்லாம் ஜனங்கள். ஜெயித்தார். தன் பத்தாவது சாம்பியன் பட்டத்தோடு ஆடுவதை நிறுத்திவிட்டார். ‘இன்னும் ஆடக் கூடாதா’ என்று கேட்கும்போதே போய்விட வேண்டும் என்கிறோமே, அந்த ரகம். நாம் எல்லோரும் கை தட்டுகிற பதில்.

சம்மன்ஸின் பதில் வேறு. 1964-க்குப் பிறகு சிட்னியை விட்டுவிட்டு வாகா வாகா என்ற ஊருக்குக் கேப்டன்-கோச்சாகப் போய்விட்டார். (ஷகிரா பாட்டு இல்லை, நிஜமாகவே ஊர்ப் பெயர். விராட்ஜுரி பழங்குடி மக்களின் சொல். காக்கைகள் நிறைந்த இடம் என்று ரொம்ப நாள் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது நடனங்கள் நிறைந்த இடம் என்கிறார்கள். காக்கைகளுக்கு வருத்தமாக இருக்கும்.) சிட்னியிலிருந்து 450 கிலோமீட்டர், முரம்பிட்ஜி நதிக்கரை. ஆஸ்திரேலியாவின் கேப்டனாக இருந்தவர், அங்கே வேலை முடிந்து வந்து பூட்ஸ் மாட்டுகிற உள்ளூர் ஆட்டக்காரர்களோடு இறங்கினார்.

ப்ரோவனின் பதில் அழகானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது எல்லோருக்கும் கட்டுப்படியாகிற பதில் அல்ல. உச்சத்தில் நிறுத்த வேண்டும் என்றால் முதலில் உச்சம் என்று ஒன்று இருக்க வேண்டும். பத்து பட்டம் வாங்கினவன் பத்தாவதோடு நிறுத்தலாம். மூன்று தடவை இறுதிப் போட்டியில் தோற்றவன் எதோடு நிறுத்துவது? உங்களுக்கும் எனக்கும் கூரைமேல் ஏறி யாரும் கை தட்டப்போவதில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது உச்சம் அல்ல, மிச்சம். அந்த மிச்சத்தை எங்கே, யாருக்காகச் செலவு செய்வது என்பதுதான் நம்முடைய கேள்வி. சம்மன்ஸின் பதில்தான் நமக்குப் பக்கத்தில் வருகிறது.

பக்கத்தில் வரும்போதுதான் அதிலுள்ள முள்ளும் குத்துகிறது.

கேப்டன்-கோச் ஒருவர் ஊருக்கு வந்து மூன்றாவது வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. அவர் ஆடுவது ஃபைவ்-எய்த் என்கிற இடம். பந்து முதலில் அவர் கைக்கு வரும். யாருக்குத் தள்ளுவது, எப்போது உதைப்பது என்று முடிவெடுக்கிற இடம். ஊரில் ஒரு பையன். பத்தொன்பது வயது. அவனும் அதே இடம்தான். இரண்டு வருஷமாக இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டு, நம்ம ஹீரோவைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, இப்போது கிட்டத்தட்ட அவர் அளவுக்கு வந்துவிட்டான். ஓட்டத்தில் அவரைவிட வேகம். அவருக்கோ முதல் பத்து கெஜம் எடுக்க முன்பு ஆனதைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறது. வேறு யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். அரை வினாடி என்பது முதலில் உள்ளே இருப்பவனுக்குத்தான் தெரியும். கூட்டத்துக்குத் தெரிய ஒரு வருஷம் ஆகும்.

வியாழக்கிழமை. காகிதம். பன்னிரண்டு பெயர் எழுதியாயிற்று. பதின்மூன்றாவது பெயர் எது?

பையன் பெயரை எழுதலாம். நல்ல கோச் அதைத்தான் செய்வான். ஆனால் கிளப் இவரைக் கூட்டிவந்தது ஆடுவதற்காக. கசாப்புக் கடைக்காரரும் மருந்துக் கடைக்காரரும் பணம் போட்டது இவர் ஓடுவதைப் பார்ப்பதற்காக. டிக்கெட் வசூல் இவர் பெயரில். ‘நான் இந்த வாரம் உட்காருகிறேன்’ என்றால் பொருளாளருக்கு நெஞ்சு வலி வரும். வாங்கிய காசுக்குப் பாதி வேலையைச் செய்யாமல் விடுவது நேர்மையா?

தன் பெயரை எழுதலாம். நல்ல கேப்டன் அதைத்தான் செய்வான். இக்கட்டான ஆட்டத்தில் அனுபவம் வேண்டும், பையனுக்கு இன்னும் காலம் இருக்கிறது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இதெல்லாம் பொய்யல்ல, முழுக்க நியாயமான காரணங்கள். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. சுயநலத்துக்குக் கெட்ட காரணங்கள் தேவைப்படுவதில்லை, நல்ல காரணங்களே தாராளமாகக் கிடைக்கின்றன. அந்தப் பையனோ அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் வேலை கிடைத்து ஊரை விட்டே போய்விடலாம். அவன் ஆட்டமும் அதோடு போச்சு. ஊரில் யாரும் அதைக் கணக்கில் எழுத மாட்டார்கள்.

சில கிளப்களில் தேர்வுக் குழு என்று மூன்று பேர் இருப்பார்கள்தான். ஆனால், ஊரே பணம் போட்டுக் கூட்டிவந்த ஆளிடம் ‘ஐயா, நீங்க கொஞ்சம் உட்காருங்க’ என்று சொல்ல எந்தக் குழுவுக்கு வாய் வரும்? அவர் சொல்லாமல் அவர் பெயர் போகாது.

தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது சட்டத்தின் பாலபாடம். அந்த வழக்கு மேல் கோர்ட்டுக்குப் போகாது, வியாழக்கிழமையோடு தீர்ப்பு. சட்டம் ஏன் அப்படிச் சொல்கிறது? மனிதன் கெட்டவன் என்பதாலா? இல்லை. தன்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது மனிதன் இரண்டு பக்கமும் தடுமாறுவான். ஒருத்தன் தனக்குச் சாதகமாகச் சொல்வான். இன்னொருத்தன், சாதகமாகச் சொல்கிறான் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே தனக்கு அநியாயமாகச் சொல்வான். இரண்டாவது ஆளை நாம் தியாகி என்கிறோம். ஆனால் அணிக்கு அவன் தேவைப்படுகிற நாளில் தியாகம் செய்தால் அதுவும் கோணல் தீர்ப்புதான். தன் பெயரை அடிப்பது எப்போதும் நல்லது என்றால் இந்தக் கேள்வி ரொம்ப சுலபமாகப் போயிருக்கும். அப்படி இல்லை.

1963 இங்கிலாந்துப் பயணத்தில் சம்மன்ஸுக்கு இந்தப் பிரச்னையை உடம்பே தீர்த்துவைத்தது. காயம். முதல் இரண்டு டெஸ்ட்டிலும் அவர் ஆட முடியவில்லை. களத்தில் தலைமை தாங்கியவர் இயான் வால்ஷ். வெம்ப்ளியில் 28-2. அடுத்து ஸ்விண்டனில் 50-12. ஆஷஸ் ஆஸ்திரேலியா கையில். முழுக்க ஆஸ்திரேலியர்களே கொண்ட ஓர் அணி இங்கிலாந்து மண்ணில் அதை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அணியின் கேப்டன்-கோச் கோட்டுக்கு வெளியே, கோச் மட்டுமாக நின்றுகொண்டிருந்தார். வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி, தான் ஆடாத ஆட்டம். சந்தோஷமும் எங்கோ ஒரு ஓரத்தில் வலியும் இருந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். நான் இல்லாமலே இவ்வளவு நன்றாக நடக்கிறதே என்பது எந்த ஆசிரியனுக்கும் இரட்டைச் செய்தி.

என்னைக் கேட்டால், அந்த வியாழக்கிழமைக்கு ஒரு வழி இருக்கிறது. முழு வழி இல்லை, முக்கால் வழி. நாட்டுப்புறக் கிளப்களில் முதல் அணிக்குக் கீழே இரண்டாம் அணி ஒன்று உண்டு. அதே நாள், அதே மைதானம், முதல் அணிக்கு முன்னால் ஆடும். கேப்டன்-கோச் தன் பெயரை முழுக்க அடிக்க வேண்டாம். ஒரு காகிதத்திலிருந்து எடுத்து இன்னொரு காகிதத்தில் எழுதலாம். பையன் மேலே போகட்டும். அவர் கீழே இறங்கி இன்னும் சின்னப் பையன்களோடு ஆடட்டும். வாங்கிய காசுக்கு உடம்பு உழைக்கிறது. கற்றுக்கொடுப்பதும் நடக்கிறது. வெளியே நின்று கத்துகிறவராகவும் ஆகவில்லை.

எழுதுவது சுலபம். இரண்டாம் அணி ஆடும்போது மைதானத்தில் கூட்டம் இருக்காது. வேலி ஓரம் நாலு கார், ஒரு நாய். ஆஸ்திரேலிய ஜெர்ஸி போட்ட தோள் அந்த நாலு காருக்கு முன்னால் மண்ணில் விழ வேண்டும். ‘பாவம், முடிஞ்சுபோச்சு’ என்று ஒரு கார் ஜன்னலிலிருந்து சொல்வது காதில் விழும். அந்த ஒரு வாக்கியத்தைத் தாங்க முடியாமல்தான் உலகத்தில் பல பேர் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. அதிகார ஆசை என்று நாம் நினைக்கிறோம். பாதி நேரம் வெறும் கூச்சம்தான்.

வாகா வாகா என்றதும் கிரிக்கெட் பிரியர்களுக்கு வேறொருவர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மார்க் டெய்லர் வளர்ந்த ஊர் அது. மைக்கேல் ஸ்லேட்டரும் அங்கே வளர்ந்தவர். ரக்பி லீக்கில் பீட்டர் ஸ்டெர்லிங். ஒரு ஊருக்கு இவ்வளவு பேர் எப்படி என்று ஆச்சரியப்பட்டு ‘வாகா எஃபெக்ட்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சின்ன ஊரில் ஒரு பையன் பெரியவர்களோடு சேர்ந்து ஆட வேண்டியிருக்கிறது, தரமான ஆட்டத்தைக் கிட்டத்தில் பார்க்கக் கிடைக்கிறது என்று காரணங்கள் சொல்வார்கள்.

1998 அக்டோபர், பெஷாவர். ஆஸ்திரேலிய கேப்டன் டெய்லர் இரண்டாம் நாள் ஆட்டம் முடியும்போது ஆட்டமிழக்காமல் 334. பிராட்மன் 1930-ல் லீட்ஸில் எடுத்த அதே 334. ஒரு ரன் எடுத்தால் ஆஸ்திரேலியாவில் அவர்தான் முதல். லாராவின் 375-ஐத் தாண்டவும் 42 ரன்தான். ராத்திரி முழுக்க யோசிக்க நேரம் இருந்தது. முடிவு எடுக்க வேண்டியவர் கேப்டன். கேப்டன் யார்? அவரே. காலையில் டிக்ளேர் செய்துவிட்டார்.

எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால் அந்த டெஸ்ட் டிராவில் முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் விட்டுக்கொடுத்த ரன்களால் வெற்றி எதுவும் வந்துவிடவில்லை. இன்னும் அரை மணி நேரம் ஆடியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. தீர்ப்பு சரியா என்பதை விளைவை வைத்துச் சொல்ல முடியாது போலிருக்கிறது. அந்த ராத்திரி என்ன வெளிச்சம் இருந்ததோ அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

சம்மன்ஸ் பிறகு என்ன ஆனார்? 1970-ல் ஆஸ்திரேலிய அணிக்குக் கோச்சாகக் கூப்பிட்டார்கள். கோச் மட்டும்தான், பூட்ஸ் கழற்றியாகிவிட்டது. பிரிட்டன் வந்து ஆடிய ஆஷஸ் தொடர். ஆஸ்திரேலியா 2-1 என்று தோற்றது. அதற்குப் பிறகு இன்றுவரை பிரிட்டிஷார் அதை ஜெயித்ததில்லை. 13 பேரில் ஒருவராக இறங்கித் தோற்பதும், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு தோற்பதும் ஒன்றல்ல. ஆடுகிறவனுக்கு அடுத்த டேக்கிள் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவனுக்குக் கை மட்டும்தான் இருக்கிறது, பிசைந்துகொள்ள.

சிட்னியில் வேறு வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிடவில்லை. வாகா வாகாவிலேயே இருந்தார். ஊரின் லீக்ஸ் கிளப் என்கிற பொழுதுபோக்கு மன்றத்தை நிர்வாகம் பண்ணும் வேலையை நீண்ட காலம் பார்த்தார். சாப்பாடு, பீர், ஆள் பற்றாக்குறை, கணக்கு வழக்கு. அந்த மன்றத்துக்கு வருகிற இளைஞர்களில் பெரும்பாலானவர்கள் அவர் ஆடுவதைப் பார்த்திருக்க முடியாது. கோப்பையில் இருக்கிற குள்ளமானவர் இவர்தான் என்று யாராவது சொல்லித் தெரிந்துகொண்டிருப்பார்கள். சிலையின் ஜாடை மனிதரிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, அடுத்த பீரைக் கேட்டிருப்பார்கள்.

2020 மே 16-ம் தேதி, 84-வது வயதில், அந்த ஊரிலேயே காலமானார். போகும்போது அவர் அங்கே ஐம்பத்தைந்து வருஷம் இருந்திருக்கிறார். சிட்னி லீக்கில் ஆடியது ஐந்து வருஷம்.